ஏழுமலைக்குச் சொல்ல வேண்டியது

முப்பத்தாறு வருடம் கடலில் வேலை பார்த்தவன் நான். பௌர்ணமி எப்போது, அமாவாசை எப்போது என்று காலண்டரைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடல் ஏறி வற்றும் கணக்கு தப்பினால் கப்பல் தரை தட்டிவிடும். அப்படிப்பட்டவன் பௌர்ணமியை ஒட்டிய நாளாகப் பார்த்துத் திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினேன் என்றால், நான் ஓய்வு பெற்றபோது மூளையும் கூடவே ஓய்வு பெற்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

செஞ்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின் டயர் வெடித்தது. பின்னால் வந்த பஸ்ஸை நிறுத்தி நடத்துநர் எங்களை அதில் ஏற்றிவிட்டார். அதில் ஏற்கெனவே எள் போட இடமில்லை. படிக்கட்டுக்கு மேலே, ஒரு பூ மூட்டைக்கும் ஒருவருடைய முழங்கைக்கும் நடுவில் எனக்கு இடம் கிடைத்தது.

"பெரியவரே, கால கொஞ்சம் நவுத்துங்க. பூ நசுங்குது" என்றாள் மூட்டைக்குச் சொந்தக்காரி.

நகர்த்திக்கொண்டேன். நான் கடற்படையில் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றவன். ஒரு காலத்தில் நான் காரில் ஏறினால் கதவைத் திறக்க ஓர் ஆள், சல்யூட் அடிக்க ஓர் ஆள் இருப்பார்கள். இப்போது கால் வைக்க இடம் கொடுத்தால் போதும் என்று இருந்தது. அவள் பாவம் பார்த்து மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கிரிவலத்துக்கா?" என்று கேட்டாள். இல்லை, ஒருவரைப் பார்க்க என்றேன். "நாளானிக்கு பௌர்ணமி. ரூமு போட்டுக்கினீங்களா?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அறை கிடைக்கவில்லை. நாலு லாட்ஜில் கேட்டேன், நாலிலும் கைவிரித்தார்கள். வெயிலில் பெட்டியோடு நின்றவனை பாஷா என்ற ஆட்டோக்காரர் தாமாகவே ஏற்றிக்கொண்டார். அவருடைய மச்சானுக்கு ஓர் இரும்புக்கடை, அதற்கு மேலே ஓர் அறை. ஃபேன் ஓடும், தண்ணீர் வரும், கீழே கம்பி வெட்டும் சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி என்றார். கப்பலின் எஞ்சின் சத்தத்தில் தூங்கியவனுக்கு அது ஒரு பொருட்டில்லை.

"சார் இன்னா வேல பாத்தீங்க?" என்று கேட்டார் பாஷா.

"கடற்படை."

"அப்ப குண்டெல்லாம் போடுவீங்களா?"

"போடச் சொல்வேன்."

"அது இன்னும் ஈசி சார். சொல்லிட்டு போய்க்கினே இருக்கலாம்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

வழியில் சாப்பிட நிறுத்தினார். வாசலிலேயே அடுப்பை வைத்து பிரியாணி போடும் கடை. தொட்டுக்கொள்ள எண்ணெய் மிதக்கும் கத்திரிக்காய்த் தொக்கு. எங்கள் தூத்துக்குடியில் பிரியாணிக்குக் கத்திரிக்காயைக் காட்டினால் சண்டைக்கு வருவார்கள். வாசனை நன்றாகவே இருந்தது. நான் டீ மட்டும் கேட்டேன்.

"கவுச்சி சாப்ட மாட்டீங்களா?"

"சாப்பிடுவேன். ஏழு மாதமாக இல்லை."

ஏன் என்று பாஷா கேட்கவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன், இந்தப் பயணமே அதனால் வந்ததுதான்.

ஏழு மாதத்துக்கு முன் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் பேசப் போயிருந்தேன். பல நாட்டுக் கடற்படைகளில் ஓய்வு பெற்றவர்கள் கூடும் கூட்டம். தலைமை தாங்குகிறவன் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பது என் தலைப்பு. பதினைந்து வருடமாக நான் ஊர் ஊராகச் சொல்லும் பேச்சு அது. நல்ல கைதட்டல். அங்கிருந்து புறப்படும் அன்று காலையில் மகன் போனில், "அம்மாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லைப்பா, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், பயப்பட ஒன்றுமில்லை" என்றான். விமானத்தில் கோழிக் குழம்பும் சோறும் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். ஒரு நகைச்சுவைப் படம் போட்டுக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. விசாகப்பட்டினத்தில் என் வீட்டுத் தெருவில் கார் திரும்பியபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது. என் மனைவி கமலா இறந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது.

மகனைப் பிடித்து உலுக்கினேன். ஏன்டா என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். அவன் அழுதுகொண்டே, "நீங்கதானேப்பா எப்பவும் சொல்வீங்க, கெட்ட செய்தியை வேளை பார்த்துத்தான் சொல்லணும்னு" என்றான்.

அவன் அப்படிச் சொன்னபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது கமலா இல்லை. அதற்கு அவள் என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு ஞாபகம் வந்தவன் ஏழுமலை.

மறுநாள் காலை பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு பாஷாவோடு வேங்கிக்காலுக்குப் போனேன். கலெக்டர் ஆபீஸ் இருக்கிற பக்கம். ஏழுமலை பதினைந்து வருடம் கடற்படையில் இருந்துவிட்டு, இப்போது அங்கேதான் குமாஸ்தா வேலையில் இருக்கிறான். சுற்றிலும் புது வீடுகள், பாதிக்கு மேல் இன்னும் பூசாத செங்கல் சுவர்கள். அவன் வீட்டை யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. இரும்பு கேட்டில் ஒரு நங்கூரம் வெல்டிங் செய்து வைத்திருந்தான். கடலுக்கும் இந்த ஊருக்கும் எவ்வளவு தூரம்!

கேட்டுக்கு முன்னால் நின்றேன். உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. கை காலிங் பெல் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டது. முந்நூறு பேர் இருந்த போர்க்கப்பலை நடத்தியவன், ஒரு குமாஸ்தா வீட்டு மணியை அடிக்க பயந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"ஆள் இல்லியா சார்?" என்றார் பாஷா.

"இல்லை" என்று பொய் சொன்னேன்.

நான் கேப்டனான முதல் கப்பலும் ஏழுமலையும் எனக்குச் சேர்ந்தேதான் கிடைத்தார்கள். தூத்துக்குடியில் பள்ளிக்கூட வாத்தியார் மகன் நான். பதினேழு வயதில் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தேன். முதல் பயணத்தில் குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தேன். படிப்படியாக ஏறி, நாற்பத்திரண்டு வயதில் ஒரு போர்க்கப்பலுக்குக் கேப்டன் ஆனேன். கடலில் கேப்டன் என்றால் அந்த முந்நூறு பேருக்கும் கலெக்டர், ஜட்ஜ், வீட்டுப் பெரியவர் எல்லாம் அவர் ஒருவர்தான். ஏழுமலைக்கு அப்போது இருபத்துமூன்று வயது. சுக்கான் பிடிப்பவன். கறுத்து, ஒல்லியாக, எப்போதும் ஏதாவது சொல்லி யாரையாவது சிரிக்க வைத்துக்கொண்டிருப்பான்.

ஒரு தொலைதூரத் தீவுக்கு நல்லெண்ணப் பயணம் போய்க்கொண்டிருந்தோம். நடுக்கடலில் ஒரு காலையில் தந்தி அறையிலிருந்து காகிதம் வந்தது. முந்தின நாள் விடியற்காலையில் நிலத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்த ஏழுமலையின் அப்பா மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று அவன் தம்பி தந்தி கொடுத்திருந்தான். கரை சேர ஆறு நாள் இருந்தது. சொன்னாலும் அவனை அனுப்ப வழி கிடையாது. துக்கத்தில் இருப்பவன் கையில் சுக்கானைக் கொடுக்கவும் முடியாது. வேளை வரும்வரை செய்தியை வைத்திருப்பது கேப்டன்களிடம் இருந்த வழக்கம்தான். எனக்கு முந்தியவர்களும் அப்படித்தான் செய்தார்கள். காகிதத்தை மடித்து மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். இதுவரைதான் மேடையில் சொல்வேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

மறுநாள் நாங்கள் பூமத்திய ரேகையைக் கடக்க இருந்தோம். முதல் தடவை கடப்பவர்களுக்கு மையும் கிரீஸும் பூசி, தொட்டியில் முக்கி, ஆட்டம் பாட்டம் என்று அமர்க்களப்படும். வருணராஜாவாக ஒருவன் வேஷம் கட்டுவான், ராணியாக ஒருவன். ராணி ஏழுமலை. ஒரு வாரமாகக் கப்பல் முழுக்க அதே பேச்சு. என் முதல் கப்பல், என் ஆட்கள் சந்தோஷமாக இருக்க வேண்டும், ஆட்டம் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன். சுக்கானும் ஆறு நாளும் அதற்குப் பிறகு நான் தேடிக்கொண்ட காரணங்கள். அவன் கொடித் துணியில் சேலை கட்டி, பெரிய பொட்டு வைத்து, இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்து என் கழுத்தில் கயிற்று மாலை போட்டான். நான் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தேன். அந்தப் போட்டோ என் வீட்டுக் கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் மாட்டியிருந்தது.

ஐந்தாம் நாள் அவனை என் அறைக்குக் கூப்பிட்டு, துணைக் கேப்டனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். அவன் அழவில்லை. "யெஸ் சார்" என்றான். இரும்பு மனசு என்று நினைத்தேன். மேடையில் அதையும் சேர்த்துச் சொல்வேன். அந்தப் பயணத்தில் கப்பலுக்குக் கிடைத்த நல்ல பெயரில்தான் நான் மேலே ஏறினேன்.

மத்தியானம் அறைக்குப் போக மனமில்லாமல் கோயில் மதிலை ஒட்டி நடந்தேன். ராஜகோபுரத்துக்கு வெளியே, கூட்டத்தில் எனக்கு முன்னால் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி. விசாகப்பட்டினத்தில் வாழ்ந்ததால் எனக்குத் தெலுங்கு தெரியும். புருஷன் கோபுரத்தைப் பார்த்துக் கை கூப்பியபடி சும்மா நின்றுகொண்டிருந்தார். மனைவி அவரை இடித்து, "இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஊமை மாதிரி நிற்கிறாயே, கேட்க வேண்டியதை வாயைத் திறந்து கேளேன்" என்றாள். அவர் எதைக் கேட்க வந்தாரோ தெரியாது. பாதி திட்டு எனக்கு விழுந்ததாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பௌர்ணமி. காலையிலேயே ஊர் நிரம்பிவிட்டது. பாஷா சந்து சந்தாக நுழைந்து மறுபடி வேங்கிக்காலில் கொண்டுபோய் விட்டார். இந்த முறை மணியை அடித்தேன். ஏழுமலையின் மனைவி செல்வி கதவைத் திறந்தாள். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

"கேப்டன் சார் தானே? போட்டோல பாத்திருக்கேன். உள்ள வாங்க சார்."

வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் தோசை சுட்டுப் போட்டாள். வேர்க்கடலைச் சட்னி. அந்த மண்ணில் விளைந்த கடலையின் ருசியே தனி. கமலா போன பிறகு இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது அதுதான் முதல் தடவை.

"நீங்க சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ இருக்கு சார். ஆல்பத்துலயே கெடக்கு. மாட்டலாம்னா அவரு வுட மாட்டாரு" என்றாள் செல்வி. நான் தோசையை விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

ஏழுமலை வீட்டில் இல்லை. பௌர்ணமி தவறாமல் லீவு போட்டுவிட்டு, அடி அண்ணாமலையில் அவர்களுடைய பூர்வீக நிலத்தருகே, கிரிவலம் வருகிறவர்களுக்கு மோர் ஊற்றுவானாம். கூட அவன் தம்பி முருகனும் இருப்பான். "அவங்கப்பா பேர்ல பண்றாங்க சார்" என்றாள்.

பாதி வழியில் போலீஸ் ஆட்டோவை மறித்துவிட்டது. "இதுக்கு மேல நடராஜா சர்வீஸ்தான் சார்" என்று பாஷா இறக்கிவிட்டார். நடந்தேன். என்னைச் சுற்றி எல்லோரும் வெறுங்காலோடு நடந்தார்கள். நான் மட்டும் பாலிஷ் போட்ட ஷூ. ஒரு பெண்பிள்ளை அதைப் பார்த்து அவள் அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். தார் சுட்டது. கப்பலின் மேல்தளம் இதைவிடச் சுடும், ஆனால் அங்கே நான் வெறுங்காலோடு நடந்ததில்லை.

அடி அண்ணாமலையில் ஒரு வேப்பமரத்தின் அடியில் இரண்டு பெரிய அண்டாக்கள். நரைத்த தலையோடு ஒருவன் குனிந்து மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். கரண்டி கையில் இருக்க, அப்படியே விறைப்பாக நின்றான்.

"சார்!"

கரண்டியைத் தம்பி முருகனிடம் கொடுத்துவிட்டு என்னைப் பின்பக்கம் பம்ப்செட் ரூமுக்கு அழைத்துப் போனான். நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டான். தான் நின்றான். உட்கார் என்று நான் இரண்டு தரம் சொன்ன பிறகு உட்கார்ந்தான். சம்சாரம் சௌக்கியமா சார் என்று கேட்டான். கமலா இறந்ததைச் சொன்னேன். அது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் சொன்னேன். பிறகு மேடையில் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன்.

"ஆட்டம் கெட்டுவிடுமே என்றுதான் ஏழுமலை, உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். வேறு காரணம் இல்லை. உன் அப்பா செத்துக் கிடந்தபோது உன்னை ஆடவிட்டு நான் சிரித்தேன். நீ என்னை மன்னிக்க வேண்டும்."

அவன் வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"அப்பா செத்தது. நீங்க சொல்றதுக்கு முன்னயே தெரியும். மெசேஜ் வந்த அன்னிக்கே தெரியும்."

அவன் மெதுவாகச் சொன்னான்.

"வயர்லெஸ்ல சுக்தேவ் இருந்தான் இல்ல, பஞ்சாப்காரன். அவன்தான் மெசேஜ் எடுத்தான். மனசு கேக்காம என்னை ஓரமா இட்டுனு போய் சொல்லிட்டான். சொன்னப்பறம் அவனுக்கு கை கால் ஒதறுது. கேப்டன் சொல்றவரைக்கும் காட்டிக்காதடா, தெரிஞ்சா எனக்கு ஜெயிலுதான்னு அழுவுறான். அவனுக்கு அப்பதான் கொழந்த பொறந்திருந்திச்சி. நான் அழுதா அவன் மாட்டிக்குவான் சார். மூஞ்சிய தொங்கப்போட்டா கூட இன்னாடானு கேப்பாங்க. ஆட்டத்துக்கு வேற ஆள போடச் சொல்லலாம்னு பாத்தேன். இன்னாத்துக்குனு கேப்பாங்களே. அதான் ஆடுனேன்."

"நான் உன்னைப் பார்த்து..."

"சிரிச்சீங்க சார். நான் பாத்துனே இருந்தேன். இவ்ளோ சிரிக்கிறாரே, விசயம் தெரிஞ்ச மனுசன் இப்டி சிரிப்பாரா, சுக்தேவ் தான் தப்பா எடுத்துட்டானோ, அப்பா உசுரோட தான் இருக்காரோனு நெனச்சிட்டேன். கொஞ்ச நேரம் சந்தோசமாவே ஆடுனேன் சார்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவன் என்ன தப்புக்கு என்றுகூடத் தெரியாமல் வந்திருக்கிறேன். அவனுக்கு ஒன்றும் தெரியாதபடி காப்பாற்றிவிட்டதாக இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவன் ஐந்து நாள் என் கப்பலில் தனியாக, வாயைப் பொத்திக்கொண்டு, சுக்கானையும் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

"ஊருக்கு எப்போது வந்தாய்?"

"அந்தத் தீவுல வாரத்துக்கு ஒரு ஃப்ளைட்டுதானே சார். நான் வந்து சேர்றப்ப காரியம் முடிஞ்சி மறுநாள். தம்பிதான் கொள்ளி வெச்சான். எல்லாரும் அழுது முடிச்சிட்டாங்க. எங்கம்மா காப்பி போட்டுக் குடுத்தாங்க. குடிச்சேன். மாடு ஒண்ணு ஒடம்புக்கு முடியாம கெடந்துச்சி, அத பாக்க போய்ட்டேன்."

சாலையில் சிவநாமம் சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் போயிற்று.

"சுக்தேவ் இந்தில சொன்னான். நீங்க ரூமுக்கு கூப்ட்டு இங்கிலீஷ்ல சொன்னீங்க. வூட்டுக்கு வந்தா எல்லாருக்கும் தெரிஞ்ச கத, எனக்கு யாரு சொல்லணும்? அப்பா செத்துட்டாருனு எங்கிட்ட தமிழ்ல யாருமே சொல்லல சார்." என் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க சார்."

"இப்போதா?"

"அன்னிக்கு காலைல சொல்ற மாதிரி சொல்லுங்க."

அவன் எழுந்து நின்றான். பழக்கம். நான் அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்து, என் நாற்காலியை அவன் முழங்கால் இடிக்கும்வரை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஏழுமலை, ஊரிலிருந்து செய்தி வந்திருக்குப்பா. அப்பா போயிட்டார்."

அவன் என் முகத்தையே பார்த்தான். "எப்ப சார்?" என்றான்.

"நேத்து விடியக்காலையில. மாரடைப்பு. நிலத்துக்குத் தண்ணி கட்டிட்டு வந்து உட்கார்ந்திருக்கார், அப்படியே சாஞ்சிட்டாராம். தம்பி தந்தி கொடுத்திருக்கான். உன்னை அனுப்ப எனக்கு வழி தெரியலப்பா. நீ வேலையெல்லாம் பார்க்க வேண்டாம். இங்கேயே என் ரூம்ல உட்காரு."

முதலில் அவன் உதடு மட்டும் துடித்தது. பிறகு "அப்பா" என்று ஒரு குரல் எடுத்தான். அதை நான் இதற்கு முன் எந்த மனிதனிடமும் கேட்டதில்லை. தலையை என் முழங்காலில் வைத்துக்கொண்டு நாற்பத்தைந்து வயது ஆள் குலுங்கிக் குலுங்கி அழுதான். நானும் அழுதேன். அவன் அப்பாவுக்காகவா, கமலாவுக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு முருகன் கரண்டியோடு ஓடி வந்தான். "இன்னாண்ணா? இன்னா ஆச்சி?" என்று பதறினான்.

ஏழுமலை தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்தான்.

"அப்பா செத்துட்டாருடா" என்றான்.

முருகன் என்னைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான்.